ஆக்சோலோட்டல் தீனி எடுக்கவில்லையா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆக்சோலோட்டல் வாங்கி வளர்க்கத் தொடங்குகிறவர்களிடமிருந்து சீக்கிரமே வரும் கேள்வி இது: "தீனி எடுக்க மாட்டேங்கு, வேற என்னத்த போட?" கேள்வியிலேயே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தீனி பிடிக்காததால்தான் அது சாப்பிடவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நம் ஊரில் பெரும்பாலும் காரணம் அது இல்லை. தண்ணீர் சரியில்லாமல் போய், உடம்புக்கு முடியாமல்தான் அது வாயைத் திறப்பதில்லை. ஆகவே தீனியை மாற்றிப் பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்தால் காரணம் பிடிபட்டுவிடும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். சில கடைகளில் நடக்கும் மீன் என்று சொல்லி விற்றாலும் ஆக்சோலோட்டல் மீன் இல்லை. தவளையைப் போல நீர்நில வாழ்வி, பல்லி உருவமுள்ள சலமாண்டர் வகையைச் சேர்ந்தது. அதனால் மீன் தொட்டிக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி இதற்குப் பொருந்தாது. மீன் மருந்துகளும் அப்படித்தான்.

எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும்?

வளர்ந்த ஆக்சோலோட்டலுக்குத் தினமும் தீனி வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டது இன்று முகத்தைத் திருப்பினால் அதற்குப் பசி இல்லை, அவ்வளவுதான். புதிதாக வந்து சேர்ந்தது என்றால் ஒரு வாரம் வரைகூடச் சாப்பிடாமல் இருக்கலாம். வண்ணமீன் சந்தை உள்ள சென்னை கொளத்தூரிலிருந்தோ வேறு எங்கிருந்தோ பாலித்தீன் பைக்குள் இரவு முழுக்கக் குலுங்கி வந்த உயிர் அது. இடம் பழக நேரம் கொடுங்கள். கொழுகொழுவென்று இருக்கும் வளர்ந்த ஒன்று இரண்டு வாரம் தீனி இல்லாமல் தாங்கும்.

குட்டி அப்படித் தாங்காது. மூன்று நான்கு அங்குலக் குட்டி தினமும் சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மறுத்தால் அன்றைக்கே இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

உடம்பு இளைக்கிறதா என்று அறிய, மேலிருந்து பாருங்கள். வயிற்றின் அகலம் ஏறத்தாழ தலையின் அகலத்துக்கு இருந்தால் சரி. வயிறு ஒட்டி, வாலின் அடிப்பகுதி சுருங்கித் தெரிந்தால் பட்டினி உடம்பைத் தின்னத் தொடங்கிவிட்டது.

முதல் வேலை: தெர்மாமீட்டர்

இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஆக்சோலோட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரியும் கால்வாய்களும் அவை. நம் கொடைக்கானலை விடவும் உயரம். அங்கே பிறந்த இனத்துக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் சுகம். 20-ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும். 24-ல் உயிருக்கே ஆபத்து. குமரி மாவட்டத்தில் வீட்டுக்குள் சும்மா வைத்த தொட்டித் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 26, 28 டிகிரியில் நிற்கும். சித்திரை வெக்கையில் 30-ஐயும் தொடும். ஆனி ஆடிச் சாரலில்கூட இதற்கு வேண்டிய குளிர்ச்சி இங்கே கிடைக்காது.

சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. உடம்போ வேகமாக எரிபொருளைச் செலவழிக்கும். கிருமியும் பூஞ்சையும் பெருகும். தண்ணீரில் அம்மோனியா இருந்தால் அதன் நஞ்சும் சூட்டில் கூடும். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும்போது அது முதலில் விடுவது சாப்பாட்டைத்தான்.

ஆகவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு அளவுகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் அதுவும் ஒரு நோய்க் காரணம்தான்.

குளிர்விக்கப் பலரும் முதலில் செய்வது தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேன் வைப்பது. வறண்ட ஊர்களில் அது நன்றாக வேலை செய்யும். நம் ஊர் கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்று 30 டிகிரியாகவும் ஈரப்பதம் 75 சதவீதமாகவும் இருக்கும்போது, எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் தண்ணீர் 26 டிகிரிக்குக் கீழே இறங்காது. இது இயற்பியல் போட்ட எல்லை. அதனால் குளச்சலிலோ நாகர்கோவிலிலோ ஃபேனை மட்டும் நம்பி ஆக்சோலோட்டல் வளர்க்க முடியாது.

பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து மிதக்கவிடுவது இன்னொரு வழி. அவசரத்துக்கு உதவும். ஆனால் ஐஸ் உருகியதும் சூடு மறுபடி ஏறிவிடும். நாள் முழுக்க இப்படி ஏறி இறங்குவது அதற்குத் தனி வாதை. நிரந்தரத் தீர்வு இரண்டுதான்: தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி, அல்லது இரவும் பகலும் ஓடும் ஏசி அறை. சில்லர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்பாமல், ஒரு படி பெரியதாக வாங்குங்கள். நம் அறைச் சூட்டிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் அது இறக்க வேண்டியிருக்கும். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டினால் அதன் சுமை குறையும். சில்லர் வெளியே தள்ளும் சூடான காற்று அலமாரிக்குள்ளேயே சுற்றாதபடி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சூட்டை ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் மெல்ல இறங்கினால் போதும்.

சில்லருக்கு வசதி இல்லை என்றால் என் கருத்து ஒன்றே: இந்த மாவட்டத்தில் ஆக்சோலோட்டல் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குளிர்விக்கும் வசதி உள்ள ஒருவரிடம் ஒப்படைப்பதே அதற்குச் செய்யும் நல்லது.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில், மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் பெரிய உதவி. தண்ணீரும் ஆக்சோலோட்டலும் உள்ள டப்பாவை அதற்குள் இறக்கி, டப்பாவைச் சுற்றி ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். ஐஸ் பிளாண்டிலிருந்து வாங்கிய கட்டி தொட்டித் தண்ணீரோடு கலக்கக் கூடாது, வெளியேதான் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

இரண்டாவது: தண்ணீரைச் சோதியுங்கள்

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாகச் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்) இருப்பது நல்லது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.4-ஐ ஒட்டி இருந்தால் சிறப்பு, 6.5-லிருந்து 8 வரை தாங்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தொட்டி வாங்கிய அன்றே தண்ணீர் நிரப்பி, அன்றே ஆக்சோலோட்டலையும் விட்டிருப்பார்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதற்குள் விட்டால் அது தன் கழிவிலேயே வேகும்.

அளவு மோசமாக வந்தால் தொட்டியைத் திருத்தும் வரை ஆக்சோலோட்டலைத் தனி டப்பாவுக்கு மாற்றுங்கள். சோப்பு படாத, மூடியில் காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். அது முழுதாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், அதே சூட்டில், குளோரின் நீக்கியது. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். தீனி மறுக்கும் பல ஆக்சோலோட்டல்கள் இந்தச் சுத்தமான குளிர்ந்த டப்பாவில் இரண்டு மூன்று நாள் இருந்ததும் தானாகச் சாப்பிடத் தொடங்கும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்பதும் முக்கியம். நாகர்கோவிலில் முக்கடல் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும், அதனால் குளோரின் நீக்கி இல்லாமல் ஊற்றாதீர்கள். கடலோர ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கலாம், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். தோப்புக் கிணறாக இருந்தால் பக்கத்தில் உரமும் பூச்சிமருந்தும் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ தண்ணீரும் சுத்தமாகத் தெரிந்தாலும் அவற்றில் தாது மிகக் குறைவு. ஆக்சோலோட்டலுக்குத் தாது கரைந்த, கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் வேண்டும், ஆகவே கேன் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ மட்டும் நிரப்பி வளர்க்க முடியாது.

மூன்றாவது: உடம்பைப் படியுங்கள்

செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நின்றால் தண்ணீரின் ஓட்டம் அதற்கு அதிகம். சில்லரும் பம்பும் மாட்டிய பிறகு இது அடிக்கடி நேரும். தண்ணீர் வந்து விழும் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். வால் நுனி கொக்கி போல் சுருண்டிருந்தால் ஏதோ ஒரு வாதையில் இருக்கிறது என்று பொருள்.

செவுளிலோ உடம்பிலோ பஞ்சு போல் வெள்ளை படர்ந்தால் பூஞ்சை. அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்த, தொட்டியின் அதே சூட்டிலுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் விட்டு எடுக்கலாம். நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், பதினைந்து நிமிடத்தைத் தாண்டவும் கூடாது. உப்பைத் தொட்டியிலேயே கொட்டிவிடாதீர்கள். இதைவிட மென்மையான வழியும் நம்மிடம் இருக்கிறது. கடலோரத்தில் நிழலுக்கு நிற்கும் நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை. மருந்தடிக்காத, சாலைப் புகை படாத இடத்து இலையாகப் பார்த்து எடுத்து, கழுவி, கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு வடிகட்டி, அந்தச் சாற்றைத் தொட்டித் தண்ணீரில் சேர்த்தால் தோலுக்கு இதம். லேசான பூஞ்சைக்கு இதுவே போதும் பல நேரங்களில்.

வயிறு உப்பி, கழிவு போகாமல், பின்பக்கம் மேலே தூக்கி மிதந்தால் கல்லை விழுங்கியிருக்கலாம். ஆக்சோலோட்டல் இரையை வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். கீழே கூழாங்கல் பரப்பியிருந்தால் அதையும் உறிஞ்சிவிடும். தொட்டியின் அடி வெறுமையாக இருப்பதே பாதுகாப்பு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதில் சிப்பித் துணுக்கும் உப்பும் இருக்கும். நம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரையில் கனிம மணலும் கலந்திருக்கும்.

வெளிச்சமும் பார்க்க வேண்டிய ஒன்று. இதற்கு இமை கிடையாது. பளீரென்ற விளக்கின் கீழ் ஒளிய இடமில்லாமல் கிடந்தால் சாப்பாட்டில் நாட்டம் போகாது. ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் வழிவிட்டு வையுங்கள்.

இனி தீனி

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் இப்போது தீனியைப் பார்க்கலாம். நல்ல தீனி எது என்றால் மண்புழு. சத்தில் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் தென்னை மூட்டில் மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் புழு கிடைக்கும். ஆனால் எங்கே வெட்டுகிறீர்கள் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

ரப்பர்த் தோட்டங்களில் இலை உதிர்வு நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பது வழக்கம். நீர்நில வாழ்விகளுக்குச் செம்பு நஞ்சு. வாழைத் தோட்டங்களில் கிழங்கில் வரும் பூச்சிக்குக் குருணை மருந்து வைப்பார்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பரும் வாழையுமாக இருக்கும்போது, அங்கிருந்து புழு எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். மருந்தே காணாத வீட்டு விளையிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் மண்புழு உரம் தயாரிக்கிறவர்களிடம் வாங்குங்கள்.

அங்கேயும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். உரக் குழிகளில் வளர்க்கும் புழுக்களில் உடம்பில் வரிவரியாக உள்ள சிறிய சிவப்புப் புழு ஒரு வகை. அதைத் தொந்தரவு செய்தால் மஞ்சளாக ஒரு திரவத்தைக் கசியவிடும், அது கசக்கும். ஆக்சோலோட்டல் வாயில் வாங்கியதும் துப்பிவிட்டு, அடுத்த நாள் புழுவைக் கண்டாலே ஒதுங்கும். வேறு வழியே இல்லையென்றால் அந்தப் புழுவைச் சில நொடி கொதிநீரில் முக்கி, ஆறவைத்துக் கழுவிப் போடலாம். தமிழ்நாட்டில் பரவலாக வளர்க்கும் ஆப்பிரிக்க வகைப் புழு நீளமானது, வரி இல்லாதது. அது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வாங்கிய புழுவை ஈரமான சுத்த மண்ணில் சில நாள் வைத்தால் வயிற்றிலுள்ள அழுக்கு போகும். பிறகு கழுவி, துண்டு துண்டாக வெட்டுங்கள். துண்டின் அகலம் ஆக்சோலோட்டலின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது.

கொடுக்கும் விதமும் முக்கியம். அதற்குக் கண் மந்தம். வாசனையும் அசைவும்தான் வழிகாட்டும். பொழுது சாய்ந்த பிறகு விளக்கை அணைத்து, பிளாஸ்டிக் அல்லது மூங்கில் இடுக்கியில் துண்டைப் பிடித்து, மூக்கின் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். வாயில் இடிக்கக் கூடாது. திரும்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள், துரத்தாதீர்கள். கீழே போட்ட தீனியை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். வாயை வலுக்கட்டாயமாகத் திறந்து ஊட்டும் வேலை மருத்துவர் கையால் அல்லாமல் நடக்கக் கூடாது.

புழுவை மறுத்தால் உறையவைத்து விற்கும் இரத்தப்புழுவை (சிவப்பு நிறப் பூச்சிப்புழு) இளக்கி முயலலாம். குட்டிகளுக்கு டாப்னியா என்னும் நீர்ப்பூச்சி நல்லது. தண்ணீரில் மூழ்கும் வகை மாமிசப் பெல்லட்டை (உருண்டைத் தீனி)ச் சில ஆக்சோலோட்டல்கள் விரும்பும். தோலுரித்த பச்சை இறால் ஒரு துண்டு எப்போதாவது கொடுக்கலாம், ஐஸும் உப்பும் போகக் கழுவி. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாளை, நெத்தோலி போடாதீர்கள். நெத்தோலியில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, சாளையில் எண்ணெயும் முள்ளும். கோழி, மாட்டிறைச்சிக் கொழுப்பு இதற்குச் செரிக்காது. உயிருள்ள கப்பி மீனைத் தொட்டியில் விடுவது ஒட்டுண்ணியை விலைக்கு வாங்குவது.

எப்போது மருத்துவரிடம் போவது?

உடம்பில் சிவந்த திட்டு, புண், நீர் கோத்தது போன்ற வீக்கம், புரண்டு மிதப்பது, தின்றதைக் கக்குவது, இளைத்துக்கொண்டே போவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். கடையில் கொடுக்கும் மீன் மருந்தை ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். இதன் தோல் மெல்லியது, மருந்தை அப்படியே உறிஞ்சிவிடும். மலக்கைட் கிரீன் கலந்த பச்சை நிற மருந்துகளும் செம்பு கலந்தவையும் கொன்றே விடும்.

ஆடு, மாடு, நாய் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமில்லை. அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளைப் பார்க்கிறவரா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். திருவனந்தபுரம் நமக்குப் பக்கம், அங்கேயும் விசாரியுங்கள். திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொண்டுபோகும்போது தெர்மாகோல் பெட்டி, வெளியே ஐஸ் பை, விடிகாலைப் பயணம். கூடவே தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், நீங்கள் எழுதி வைத்த சூட்டின் அளவுகள், கழிவின் போட்டோ.

இது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவை முன்பே முடித்து வையுங்கள். வளர்க்க முடியவில்லை என்று ஊர்க் குளத்தில் விடுகிற எண்ணம் மட்டும் வேண்டாம். சூட்டிலேயே அது செத்துப்போகும், அதன் உடம்பிலிருக்கும் நோய் நம் மலையடிவாரத் தவளைகளுக்குத் தொற்றவும் கூடும்.

மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் ஆசையில் நிறையப் போட்டுவிடாதீர்கள். முதல் நாள் சிறு துண்டு ஒன்று. கக்காமல் வைத்திருந்தால் இரண்டு நாள் கழித்து இரண்டு துண்டு. கழிவு போவதைப் பார்த்த பிறகு பழைய அளவுக்கு வரலாம். தெர்மாமீட்டர் கணக்கை அதற்குப் பிறகும் ஒரு மாதமாவது எழுதி வாருங்கள்.